முருகனின் மாமியாரும் எங்கள் அத்தானும்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமைப் பிற்பகல். மெல்பேர்னின் கிளென் வேவர்லி ரயிலில் உலகத்திலேயே சிறந்த இருக்கையில், அதாவது சூட்டுக் காற்று நேரே காலுக்கு வரும் யன்னலோர இருக்கையில், நான் வீற்றிருந்தபோது பூரணம் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"அத்தான் போயிட்டாரடா," என்றார்.

"எங்கை? கெவின்ட்டையோ? எனக்குச் சொல்லாமலோ?" என்று கேட்டேன்.

கெவின் என்பவர் கிப்ஸ்லாந்தில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். அத்தான் போய்விட்டார் என்றால் அவரிடம் மரை என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போய்விட்டார் என்பதுதான் எங்கள் குடும்பத்தில் வழக்கமான செய்தி. அக்கா சொன்னார்: "கதிரையில இருந்தபடியே. ரீவியில நாளையான் காலநிலை போய்க்கொண்டிருந்தது. தேத்தண்ணியோட வந்து பாக்கிறன், ஆள் இல்லை."

ரயில் கடைசி நிலையத்துக்கு வந்து, எல்லோரும் இறங்கி, அதே பெட்டியில் நகரத்துக்குத் திரும்புகிறவர்களும் ஏறிவிட்டார்கள். நான் இறங்க மறந்து போனேன். அன்றைக்கு அந்தப் பாதையில் இரண்டு தரம் பயணம் செய்தேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா அழுது முடித்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரேயொரு விடயம் சொன்னார்.

"எட்டுக்கு மரை வைக்கவேணும்."

எட்டாம் நாள் படையலில், போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பது எங்கள் வழக்கம். சைவக் குடும்பமானாலும் அன்றைக்கு மச்ச மாமிசம் உண்டு. ஆனால் மரை இறைச்சி கடையில் கிடைக்காது. வேட்டையாடியதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அத்தானின் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு பை பட்டாணியும் ஐஸும் இருந்தன.

"ஆடு வைக்கலாமே அக்கா," என்றேன்.

"ஆடு வைச்சால் அந்த மனிசன் திரும்பியும் பாராது. நீதானே பெரிய வேட்டைக்காரன். போய்ச் சுட்டுக்கொண்டு வா."

வீட்டில் நின்ற அத்தனை பேரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். மெல்பேர்ன் தமிழர் மத்தியில் என் துவக்குக்கு அப்படியொரு புகழ். அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது என்பதை அத்தானும் நானும் மட்டுமே அறிவோம். இந்த நினைவு மலரில் எழுதித் தா என்று அக்கா கேட்டபடியால், இனி நீங்களும் அறியப் போகிறீர்கள்.

எங்கள் அத்தான், அமரர் குணரத்தினம் அவர்கள், குளிரூட்டிகள் திருத்துபவர். டண்டினோங்கிலிருந்து கடற்கரை வரை எந்த இறைச்சிக்கடையின் குளிரறை விக்கினாலும் அவரது வான் வண்டி போய் நிற்கும். இயந்திரத்தின் பக்கத்தில் காதை வைத்து, "இவருக்கு மூச்சு முட்டுது," என்பார். அரை மணி நேரத்தில் அவருக்கு மூச்சு வந்துவிடும். அத்தான் தொட்ட குளிர்ப்பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் தென் துருவத்தை வெட்கப்படுத்தலாம் என்பது என் கணிப்பு.

அப்படியொரு இறைச்சிக்கடையில்தான் அத்தானின் வாழ்க்கை திசை திரும்பியது. சுவரில் தொங்கிய மானின் தலையைக் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். சாம்பர், அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்து விட்டது, அதிலே சிலோன் மான்களும் உண்டு என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அத்தான் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய விதத்தில் நான் வீடு பற்றி எரிகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"டேய், இஞ்ச மரை நிக்குதடா. எங்கட மரை. எங்களுக்கு முதலே கப்பல்ல வந்து இறங்கியிருக்கு. ஒருத்தரும் விசா கேக்கேல்லை. இப்ப மலை முழுக்க அதின்ர பிள்ளையளும் பேரப்பிள்ளையளும்."

"அதுக்கு என்ன செய்யிறது அத்தான்?"

"பங்கு போடுறது."

ஊரில் ஓர் ஆட்டைச் சேர்ந்து வாங்கி, வெட்டி, கூறு போட்டுப் பிரிப்பார்களே, அந்தப் பங்கு. ஆட்டிறைச்சி விற்கிற விலையில் எட்டு வீட்டுக்காரர் சேர்ந்தால் ஒரு மரை ஒரு மாதத்துக்குக் காணும் என்பது அத்தானின் திட்டம். எட்டு வீட்டையும் அன்றே சேர்த்துவிட்டார். ஏழு யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள். எட்டாவது, பினாங்கிலிருந்து வந்த சேவியர். இறைச்சி வெட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இருவரும் படித்து அனுமதிப் பத்திரம் எடுத்தோம். அத்தான் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் எழுதினார். நானும் எழுதினேன், அவர் பக்கத்தில் இருந்தபடியால்.

பிறகு தொடங்கியது மலிவு வேட்டைக்கான மாபெரும் தேடல். பழைய மன்னர்கள் கடல் கடந்து நாடுகள் தேடினார்கள். அத்தான் தொலைபேசியிலேயே அதைவிடத் தூரம் போனார். வேட்டைக்குக் கூட்டிப் போகும் நிறுவனக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: எவ்வளவு பெரிய கொம்பு வேண்டும்?

"எனக்குக் கொம்பு வேண்டாம். பெட்டை மரை காணும்," என்பார் அத்தான்.

அவர்கள் அதற்கும் ஒரு விலை சொல்வார்கள். அதில் அறை, வெந்நீர்த் தொட்டி, மூன்று வேளை விருந்து, வைன் எல்லாம் அடக்கம். அத்தான் பொறுமையாகக் கேட்பார். "கட்டில் என்னட்டை இருக்கு. சாப்பாடு மனிசி கட்டித் தருவா. இதெல்லாம் கழிச்சு, மரை மட்டும் என்ன விலை?" மறுமுனையில் தொலைபேசி வைக்கப்படும். அத்தான் என்னைப் பார்த்துக் கேட்பார்: "கொம்பை அவிச்சுத் தின்னேலுமோடா? பிறகேன் இவங்கள் அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள்?"

ஒரு தரம் மலிவு விளம்பரம் ஒன்றை நம்பி இரண்டு நாள் ஒரு பற்றைக்காட்டில் கிடந்தோம். எங்களைப் போல் நம்பிய இன்னும் ஒரு பட்டாளமே செம்மஞ்சள் தொப்பியோடு அங்கே கிடந்தது. மான் ஏதும் உயிரோடிருந்திருந்தால் சிரித்தே செத்திருக்கும். இன்னொரு தரம் அரசாங்கக் காட்டு மலை ஒன்றில் ஏறினோம். அது எப்படிப்பட்ட செங்குத்து என்றால், பாதி வழியில் என் நிழல் களைத்துப்போய், நீ போ நான் இதிலே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது. மூன்று நாள் ஏறியும் கண்டது, கரடிக்குட்டி போன்ற ஒரு வொம்பட். அது எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் அலுவலைப் பார்க்கப் போனது.

அந்த மலையிலிருந்து திரும்புகையில்தான் வான் கொதித்துத் தண்ணீர் கேட்க ஒரு பண்ணைக்குள் நுழைந்தோம். அங்கே கெவின் தன் பால் குளிரூட்டும் தொட்டியைக் காலால் உதைத்துக்கொண்டு நின்றார். பார்த்த முதல் நொடியே அத்தானுக்கு முகம் மலர்ந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் போய், தொட்டிக்குக் காதைக் கொடுத்தார். "இவருக்கு மூச்சு முட்டுது," என்றார். வேட்டை உடுப்போடே நிலத்தில் படுத்து வேலை செய்தார். தொட்டி மறுபடி முனகத் தொடங்கியதும் கெவின் பணப்பையை எடுத்தார்.

அத்தான் கையைக் காட்டி மறித்தார். "காசு வேண்டாம். பெட்டை மரை ஒன்று சுட விடுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கெவின் விழுந்து விழுந்து சிரித்தார். வேலி பாய்ந்து வந்து தன் புல்லையெல்லாம் தின்கிறவை பெட்டைகள்தான், வருகிற வேட்டைக்காரர் எல்லோருக்கும் கொம்பனே வேண்டும், பெட்டையைச் சுட ஒருவனும் வருவதில்லை, உனக்கு விருப்பமான நாளைச் சொல்லிவிட்டு வா என்றார்.

வானில் ஏறியதும் அத்தான் ஸ்டியரிங்கில் இரண்டு கையாலும் தாளம் போட்டார். அவர் தாளம் போட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

நாள் குறிக்கும் பணி பெரும் ஆராய்ச்சியாக நடந்தது. நிலவில்லாத இரவில் மரை சரியாக மேயாது, ஆகவே விடியப் பசியோடு வெளியே வரும் என்பது அத்தானின் கண்டுபிடிப்பு. தொலைபேசியில் வேட்டைக்காரருக்கென்று இருக்கும் செயலியில் நிலவைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். ஐப்பசியில் அமாவாசைக்கு அடுத்த நாள், சனிக்கிழமை. "இதைவிட நாள் கிடையாது," என்றார். குசினிச் சுவரில் தொங்கிய ஊர்க் கலண்டரை மட்டும் அவர் பார்க்கவில்லை.

அந்த விடியலை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடிக்கிறது. புல் முழுக்கப் பனி. வேலிக்கும் காட்டுக்கும் நடுவே ஏழு பெட்டைகள், குதிரை அளவில், காதை விரித்தபடி வரிசையாக வந்தன. காற்று எங்கள் முகத்துக்கு வந்தது. அத்தான் முழங்காலில் இருந்தார். "மூச்சை விட்டிட்டு விசையை அமத்தவேணும்," என்று எனக்குச் சொல்வது போலத் தனக்கே சொன்னார். ஒரே வெடி. மரை நின்ற இடத்திலேயே மடிந்தது. அந்தச் சத்தம் மலை மலையாகப் போய்த் திரும்பி வந்தபோது, அறுபது வயது மனிதர் இரண்டு பேர் சேற்றில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். என் துவக்கு அப்போதும் உறைக்குள்தான் இருந்தது. இந்த வசனத்தைத் தயவு செய்து நினைவில் வைத்திருங்கள்.

கெவினின் பண்ணையில் தொலைபேசிக்கு அலை கிடைக்கும் இடம் வாசல் படலை மட்டும்தான். அத்தான் நல்ல செய்தி சொல்லப் படலையில் ஏறி நின்றார். அதற்குள் அக்காவே அழைத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டபடியால் எனக்கும் கேட்டது.

"எங்கை நிக்கிறியள்?"

"இஞ்ச, கெவின்ட்டை. ஒரு சின்ன வேலை."

"பின்னேரம் கோயில்ல காப்புக் கட்டு. நேரத்துக்கு வந்திடுங்கோ."

அத்தானின் முகம் உறைந்தது. "இண்டைக்கோ?"

"அமாவாசைக்கு அடுத்த நாள் கந்தசஷ்டி தொடங்காமல் கிறிஸ்மஸோ தொடங்கும்? ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறியள்? என்ன செய்துபோட்டு நிக்கிறியள்?"

"மரை ஒண்டு விழுந்திட்டுது."

"தானா விழுந்ததோ?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பார்க்கக் கூடாத பார்வை அது. "தம்பி சுட்டுப்போட்டான்," என்றார்.

"அவன்ட்டைக் குடுங்கோ. டேய், வள்ளி ஆற்ற வயித்தில பிறந்தவ?"

"மான் வயித்தில அக்கா."

"அப்ப மான் முருகனுக்கு என்ன முறை?"

"மாமி," என்றேன்.

"இது மானில்லை, மரை," என்று பின்னாலிருந்து அத்தான் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் ஒரே சொந்தக்காரர்தான். சஷ்டி முதல் நாள் முருகன்ட மாமியாரைச் சுட்டுப்போட்டு நிக்கிறியள். ஒரு துண்டு இறைச்சி இந்த வீட்டு வாசல் தாண்டக் கூடாது."

அவர் வீடு மட்டுமா. ஏழு வீட்டிலும் விரதம், ஏழு வீட்டுக் குளிர்ப்பெட்டியும் கழுவித் துடைத்திருந்தது. சேவியரின் பெட்டி ஒரு காலுக்கே காணாது. மெல்பேர்னின் பாதிக் குளிரைத் தன் கையால் உண்டாக்கிய மனிதர், ஒரு மரையை வைக்க இடமில்லாமல் கொட்டகை வாசலில் நின்றார். நான் அவரைத் திட்டவும் தொடங்கியிருந்தேன். அவர் கேட்கவில்லை. கொட்டகையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, கெவினின் தகப்பன் காலத்தில் மாடு தொங்கவிட்ட குளிரறை ஒன்று செத்துப் பல வருடமாகக் கிடந்தது.

அதற்குக் காதைக் கொடுத்துப் பயனில்லை. அது மூச்சை விட்டு எவ்வளவோ காலம். அத்தான் வானிலிருந்த பாகங்களையெல்லாம் கொட்டி, கெவினின் பழைய உழவு இயந்திரத்திலிருந்து ஒரு பட்டியையும் கழற்றி, பகல் சாய்வதற்குள் அதை உயிர்ப்பித்தார். மரையை உள்ளே தொங்கவிட்டோம். பிறகு கெவினின் குழாயில், கத்தி போலக் குளிர்ந்த தண்ணீரில், தலையில் முழுகிவிட்டு வானைப் பறக்கவிட்டார். ஐயர் காப்பை எடுத்தபோது அத்தானின் வலக்கை நீட்டியிருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஆறு நாளும் அத்தான் பாலும் பழமுமாக முழு விரதம் இருந்தார். அங்கே மரையும் தொங்கியபடி விரதம் இருந்தது. மிகவும் துன்பப்பட்டவர் சேவியர். தினமும் அழைப்பார். "நான் கிறிஸ்தவன் லா. எனக்கு எதுக்கு சஷ்டி? என் பங்க மட்டும் வெட்டிக் கொடுங்க."

"பங்கெண்டால் எல்லாருக்கும் ஒரே நாள்தான்," என்பார் அத்தான்.

திருக்கல்யாணம் முடிந்த மறுநாள் இறைச்சி வந்தது. ஆறு நாளுக்கு மேல் குளிரில் தொங்கியதில் அது எப்படிப் பதமாகியிருந்தது என்றால், கத்தியைக் காட்டவே விலகிக் கொடுத்தது. அக்கா மிளகு தூக்கலாகப் போட்டுக் கறி வைத்தார். வாயில் வைத்துப் பார்த்தார். எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம். "முருகன் மன்னிச்சிட்டார்," என்றார். அதற்குப் பிறகு எந்த மாதத்தில் சுட்டாலும் அத்தான் ஆறு நாள் தொங்கவிட்டே இறக்குவார். கேட்பவர்களுக்கு இது சஷ்டி முறை என்று விஞ்ஞானி போல விளக்கம் கொடுப்பார்.

மாமியாரைச் சுட்டவன் என்ற பட்டம் மட்டும் என்னோடு நின்றுவிட்டது. கோயிலில் சனங்கள் என்னைக் கண்டால் ஒதுங்கியும் நிற்பார்கள், பங்கில் சேரலாமா என்று காதுக்குள்ளும் கேட்பார்கள். அதற்குப் பிறகு வந்த மரைகளும் என் கணக்கிலேயே சேர்ந்தன. அத்தான் ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை. நானும் புகழைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பங்கு பிரிப்பதைச் சொல்லாமல் அத்தானைப் பற்றிச் சொன்னதாகாது. அவரது கராஜில் பிளாஸ்டிக் விரித்து, சேவியர் எட்டுக் கூறு போடுவார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு. எவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஏதோ ஒரு கூறில் முதுகுத் தசை கூடும், ஏதோ ஒன்றில் எலும்பு கூடும். அத்தான் முதுகைக் காட்டி, யன்னலைப் பார்த்து நிற்பார். சேவியர் ஒரு கூறின் மேல் கத்தியை நீட்டி, "இது யாருக்கு?" என்பார். அத்தான் ஒரு பெயர் சொல்வார். யாரும் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் நான் கவனித்தேன். விசாவுக்குக் காத்திருந்த குடும்பம், வேலை போன குடும்பம், புதிதாகப் பிள்ளை பிறந்த வீடு, இவர்களுக்கே ஒவ்வொரு தரமும் முதுகுத் தசை விழுந்தது. எலும்புக் கூறு தவறாமல் அத்தானுக்கு. ஒரு நாள் அவர் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்த்தேன். யன்னல் கண்ணாடியில் எட்டுக் கூறும் பளிச்சென்று தெரிந்தன.

"அத்தான், இது களவு," என்றேன்.

"முதுகைத் திருப்பி நிண்டால் அவைக்கு ஒரு குறையும் இராது. கண்ணாடியில பாத்தால்தான் எனக்கு நித்திரை வரும். நீ வாயை மூடு," என்றார்.

மூடினேன். என் வாய் மூடியிருந்த காலமும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

வெள்ளிக்கிழமை அவரைத் தகனம் செய்தோம். திங்கட்கிழமை எட்டு. நான் பெண் கொடுத்த பக்கம், சாவுத் தீட்டான துடக்கு எனக்கில்லை. சனி விடிய கெவினின் படலையில் நின்றேன். கெவின் வந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு, அந்தக் குளிரறை இன்றைக்கும் ஓடுகிறது என்றார்.

இனி நான் எழுதுவதை நம்புவது உங்கள் விருப்பம். ஐந்து பெட்டைகள் பனிக்குள்ளிருந்து வந்தன. பத்து வருடமாக உறையிலிருந்து அதிகம் வெளியே வராத துவக்கைத் தோளில் வைத்தேன். தவறினால் வேறு விடியல் இல்லை, அத்தானுக்குப் படையலில் ஆடுதான். எனக்கு அவர் குரல் கேட்டது என்று எழுத ஆசை. கேட்கவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவு வந்தது. மூச்சை விட்டேன். அமத்தினேன். மரை நின்ற இடத்திலேயே மடிந்தது. கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் நான் கெவினைக் கட்டிப்பிடித்தேன். அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை கராஜில் சேவியர் கத்தியைத் தீட்டியபடி கேட்டார்: "நல்ல சூடு. கெவின் சுட்டாரா?"

"நான் சுட்டது."

"ஆமா, ஆமா," என்றார்.

அன்றைக்கு ஒன்பது கூறு போட்டார். எட்டு வீட்டுக்கு எட்டு, படையலுக்கு ஒன்று. யன்னலடியில் யார் நிற்பது என்று எல்லோரும் தயங்கினார்கள். "தம்பி நிக்கட்டும்," என்றார் அக்கா. நான் முதுகைக் காட்டி நின்றேன். கண்ணாடியில் ஒன்பதும் தெரிந்தன. நடுவில் இருந்த கூறில் முதுகுத் தசை கை நீளத்துக்குக் கிடந்தது. சேவியரின் கத்தி ஒவ்வொன்றாகத் தாண்டி அதன் மேல் வந்து நின்றது.

"இது யாருக்கு?"

"குணத்தாருக்கு."

கண்ணாடியில் சேவியர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "அவரும் இப்படித்தான் பாப்பாரு," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, கத்தியை அடுத்த கூறுக்கு நகர்த்தினார்.

மறுநாள் அக்கா மிளகு தூக்கலாகக் கறி வைத்து, வாழையிலையில் பரிமாறி, அத்தானின் கதிரைக்கு முன்னால் வைத்தார். ஒரே நாள் தொங்கிய இறைச்சி, கொஞ்சம் கடினமாகத்தான் இருந்திருக்கும். அத்தான் மன்னிக்கவேண்டும்.

"அக்கா, ஒரு உண்மை சொல்லவேணும்," என்றேன். "இது நான் சுட்டது. ஆனால் முருகன்ட மாமியாரை நான் சுடேல்லை."

"தெரியும்," என்றார் அக்கா, இலையைச் சரி செய்தபடி. "அந்த மனிசன் நித்திரையில கதைக்கும். அண்டு ராத்திரியே சொல்லிப்போட்டுது."

பிறகு அக்கா ரீவியைப் போட்டார். ஏனென்று நான் கேட்கவில்லை. காலநிலை போய்க்கொண்டிருந்தது. கிப்ஸ்லாந்தில் நாளை காலை பனி, காற்று இல்லை, மழை இல்லை.

நல்ல நாள் அத்தான். போயிட்டு வாங்கோ.